மெஷின் நெற்றியில் பொட்டு

ஜெலுத்தோங்கில் ஒரு கல்யாண விருந்துக்குப் போய், பக்கத்து இலையில் சுகுமாரன் உட்கார்ந்துவிட்டால் உங்கள் போன் உங்களுடையது இல்லை. வாங்கிக்கொள்வார். உள்ளங்கையைக் குவித்து மேலே மூடுவார். திரை மங்கும். கையை எடுப்பார், பளிச்சென்று ஆகும். "பாத்தீங்களா? நம்ம லைன்ல போனது" என்பார். அந்தப் போன் எந்த ஊரில் செய்ததோ, அதெல்லாம் அவருக்குக் கவலையில்லை. உலகத்தில் வெளிச்சம் பார்த்து நடந்துகொள்கிற போன் எல்லாம் அவர் பெற்ற பிள்ளை. உங்கள் ரசம் ஆறிப்போகும், மனுஷன் விடமாட்டார்.

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் அவர் சோதனைப் பிரிவு சூப்பர்வைசர். போன் திரைக்கு அடியில் கடுகளவு சென்சார் ஒன்று ஒளிந்திருக்கும். அறையில் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று சொல்வது அதன் வேலை. ஆனால் அதன் தலைக்கு மேலேயே திரை எரிகிறதே! அந்தச் சொந்த வெளிச்சத்தைக் கழித்துவிட்டு, வெளியிலிருந்து வருவதை மட்டும் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க ஒரு கறுப்புப் பெட்டி. அதன் உச்சியில் வட்டக் கண்ணாடி. மேலே தொங்கும் விளக்கிலிருந்து அளந்து வைத்த வெளிச்சம் அதன் வழியாக உள்ளே இறங்கும். அந்தப் பெட்டிக்கு சுகுமாரன்தான் ராஜா. போதாது அவருக்கு. பிரிவின் மேனேஜர் நாற்காலி காலியாக இருந்தது. அதில் ஒரு நாளாவது உட்காராமல் ரிட்டையர் ஆனால் இந்தப் பிறவியே வீண் என்று மனைவி லோகேஸ்வரியின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில் ஆயுத பூஜை வந்தது. கற்பூரம் கூடாது, சந்தனம் குங்குமம் பரவாயில்லை என்று கம்பெனி அனுமதி கொடுத்தது. பெட்டிக்குப் பொட்டு வைக்கும் உரிமையை சுகுமாரன் யாருக்கு விட்டார்?

"சைடுல வச்சா போதும்லா அண்ணே" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

"சாமிக்குக் காதுலயா பொட்டு வைப்பாங்க?" என்று முறைத்தார்.

நெற்றி எது என்று தேடினார். உச்சியில் பளபளவென்று அந்த வட்டக் கண்ணாடி. அதன் நடுவில் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, மேலே குங்குமம் வைத்து, கண்ணை மூடி நாற்காலியைக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் வேலை தொடங்கியதும் சென்சார்கள் வரிசையாகத் தோற்றன. வெளிச்சம் குறைவு, குறைவு என்றே சொல்லின. பாவம், உண்மையைத்தான் சொல்லின. வருகிற வழியில் சந்தனம் உட்கார்ந்திருந்தால் வெளிச்சம் எங்கே முழுசாக வரும்?

பொட்டை எல்லோரும்தான் பார்த்தார்கள். சீன எஞ்சினியர்கள் பார்த்து மரியாதையாக ஒதுங்கினார்கள். துப்புரவு வேலை செய்யும் நூர்ஜான் பெட்டி முழுவதையும் துடைத்து, பொட்டைச் சுற்றி மட்டும் வட்டமாக விட்டுவிட்டார். அடுத்தவர் சாமி சாமானில் கை வைக்காத ஊர் இது. நல்ல பழக்கம்தான், யார் இல்லையென்றது? நம் ஆட்களோ, சாமி இருக்கிற இடத்தில் கோளாறு இருக்காது என்று மற்ற இடமெல்லாம் தேடினார்கள்.

மீட்டிங் போட்டார்கள். மீன் முள் மாதிரி ஒரு படம் வரைந்து, ஒவ்வொரு முள்ளிலும் ஒரு சந்தேகத்தைக் குத்தி வைத்தார்கள். தலைமை எஞ்சினியர் ஹைதர், "நீங்க என்ன நினைக்கிறீங்க, சுகு அண்ணே?" என்றார்.

"சந்திரிகா கைதான்" என்றார் சுகுமாரன், யோசிக்கவே இல்லாமல். சந்திரிகா பெட்டியை இயக்கும் பெண். "கையுறை அழுக்கு சென்சார்ல ஒட்டுது."

"புதுக் கையுறைதான் அண்ணே போட்டிருந்தேன்" என்றாள் அவள். சுகுமாரன் மீன் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே அவளை அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

வேறு ஆள் வந்தும் சென்சார்கள் தோற்றன. அப்போதுதான் நம் ராஜாவுக்கு ஞானம் பிறந்தது. "திரையோட சொந்த வெளிச்சத்தை நாம ரொம்பக் கழிக்கிறோம். அதைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டா போதும்." குறைத்தார்கள். அத்தனையும் பாஸ். கை தட்டினார்கள். உண்மை பேசிய சென்சாருக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்ததற்கு அந்தக் கைதட்டல். சந்திரிகாவைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சில நாள் கழித்துச் சென்சார்கள் மறுபடி தோற்கத் தொடங்கின. இந்த முறை, வெளிச்சம் அதிகம் என்றன. சுகுமாரன் பெட்டியைத் திறந்து குனிந்தார். உள்ளே தரையில் வட்டமாக ஒரு நிழல், ஓரத்தில் தேய்ந்து. நிமிர்ந்து பார்த்தார். காய்ந்த பொட்டு உதிர்ந்துகொண்டிருந்தது.

துடைத்துவிட்டுச் சொல்லிவிடலாம். சொன்னால் நாற்காலி போச்சு. சந்திரிகாவின் முகம் ஒரு கணம் வந்து போனது. சுகுமாரன் சட்டைப் பையிலிருந்த குங்குமப் பொட்டலத்தைப் பிரித்தார், சந்தனத்தைக் குழைத்தார், அதே இடத்தில் அதே அளவில் வைத்தார். சென்சார்கள் பாஸ்.

அதன்பிறகு காலையில் அவருக்கு அதுதான் முதல் வேலை. "என்ன பக்திலா இவருக்கு" என்று பிரிவே நெகிழ்ந்தது. நேர்முகத்தில் ஹைதரே அவருடைய ஒழுக்கத்தை எடுத்துச் சொன்னாராம். நாற்காலி கிடைத்தது. கூடவே, அந்தச் சென்சார் வைத்த புதுப் போன் ஒன்றைக் கம்பெனி பரிசாகக் கொடுத்தது.

சித்திரைப் புத்தாண்டு அன்று குடும்பத்தோடு கோயிலுக்குப் போனார். தீபாராதனைக்காக மின்விளக்குகளை அணைத்தார்கள். அந்த நேரம் பார்த்து லோகேஸ்வரி கையிலிருந்த புதுப் போனில் யாரோ வாழ்த்து அனுப்பினார்கள். திரை லேசாக விழித்தது. தன் வெளிச்சத்தையே ஊர் வெளிச்சம் என்று நம்பிக் கொஞ்சம் கூடியது. கூடியதைப் பார்த்து இன்னும் கூடியது. கற்பூரம் எங்கே எரிகிறது என்றே தெரியவில்லை. குருக்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரும்பினார்.

பக்கத்தில் நின்றிருந்த சந்திரிகா உதவிக்கு வந்து, போனை வாங்கி உள்ளங்கையைக் குவித்து மூடினாள். திரை மங்கவில்லை. விரல் இடுக்கெல்லாம் வெளிச்சம் பீறியது. அவள் சுகுமாரனைப் பார்த்தாள். கிண்டல் எதுவும் இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

"இது நம்ம லைன்ல போனதா அண்ணே?"

ஊரான் போனையெல்லாம் சொந்தம் கொண்டாடிய மனுஷன். கூசிப்போய் நின்றார்.

"இல்லம்மா" என்றார். "வேற எங்கயோ செஞ்சது."

லோகேஸ்வரி ஒருவழியாகப் போனை அணைத்தாள். குருக்கள் குங்குமத் தட்டை நீட்டினார். சந்திரிகா எடுத்து வைத்துக்கொண்டு நகர்ந்தாள். சுகுமாரனின் மோதிர விரல் தட்டு வரைக்கும் போய் நின்றது. பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார்.

"கொஞ்சம் கூடவே போடுங்க சாமி" என்றார்.