ஓதிக்கொடுத்தவளை விற்றவர்

காதர் மரைக்காயரே, உடன்பிறந்த மூத்தவளான என் லாத்தாவை ஒல்லாந்தர் கப்பலுக்கு விற்றது நீர்தான்.

இன்று விடியலில் சுபுஹுத் தொழுகையை நடத்தும்போது குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தில் ஓரிடத்தில் திணறி நின்றீர். பின்னால் நிற்பவன் விட்ட வரியை எடுத்துக்கொடுப்பது முறை, நான் கொடுத்தேன். தொழுகை முடிந்ததும் சிரித்துக்கொண்டே கேட்டீர்: "நல்ல மனப்பாடம்பா! யார்கிட்ட ஓதின?"

மறந்துவிட்டதா? வலைக் கொட்டகையில் என் லாத்தாதான் ஊருக்கே ஓதிக்கொடுத்தாள். அரிசியைக் கருக்கி மை செய்து பலகையில் எழுதுவாள். அந்தத் தீய்ந்த வாசனையோடு, உப்பு ஏரியிலிருந்து ஈர வேட்டியோடு வந்து உட்காரும் பெரியவர்களின் இறால் கவிச்சியும் கலந்திருக்கும். "இத்தனை வலைக்கண்ணு பின்றீங்க, நாலு வரி மனசுல நிக்கலியா நைனா?" என்று அவர்களைக் கிண்டல் செய்வாள்.

பஞ்சத்தில் கருக்க அரிசி இல்லை. பலகைகள் வெறுமையாகக் கிடந்தன. வாயால் சொல்லித் தந்தாள், பசியோடு திருப்பிச் சொன்னோம். யாஸீன் எனக்கு அப்படித்தான் வந்தது.

அப்போது நீர் வந்தீர். "நாகப்பட்டணத்துல நம்ம ஆளுங்க வீடு. புள்ளைங்களுக்கு ஓதிக்கொடுத்தா மூணு வேளை சோறு" என்றீர். வாப்பா நம்பி அனுப்பினார். அவளை ஏற்றிப்போன படகுக்காரர் திரும்பி வந்து அழுதார்: "அடிமைங்களோட கப்பல்ல ஏத்திட்டாங்க பாய். மரைக்காயர்தான் கூட நின்னு ஒப்படைச்சாரு."

வாப்பா அதற்குப் பிறகு பேசவே இல்லை. பேசாமலே செத்தார்.

என் காதோடு சொல்ல வேண்டாம். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவில், ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது, எழுந்து நின்று சொல்லும். என் லாத்தாவை எந்த ஊருக்கு அனுப்பினீர்?