ஏலத்தில் போன என் வெயில் கிரீம்

குளத்தூர்ப் பக்கம் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகையன்று ஏலம் விடுவது நான்தான். காணிக்கையாக வந்த சேனை, மரச்சீனிக் கிழங்கு, ஏத்தன் வாழைக்குலை எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் முற்றத்து வெயிலில் நின்று விற்க வேண்டும். போன வருடம் வாசனையான ஒரு வெயில் கிரீமைப் பூசிக்கொண்டு போய், முகம் பலாப்பழம்போல வீங்கி, மைக் என் அண்ணன் பெண்டாட்டி கைக்குப் போய்விட்டது. இந்த வருடமும் வீங்கினால் அது மதினியோடேயே தங்கிவிடும். விடுவேனா?

புது டியூப் வாங்கும்போது மருந்துக்கடைக்காரரைப் படாதபாடு படுத்தினேன். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் போனில் பெரிதாக்கி, வாசனைப் பொருள் உண்டா, எனக்கு ஆகாத ஆக்சிபென்சோன் உண்டா என்று வரிவரியாகப் பார்த்தேன். இரண்டும் இல்லை. வெயிலைத் தடுக்க சிங்க் ஆக்சைடு மட்டும்தான். அப்படியும் நம்பாமல் ஏழு நாள் முழங்கையின் உள்பக்கம் தடவிப் பார்த்தேன். ஒரு தடிப்பும் வரவில்லை.

ஏலத்துக்குச் சற்று முன்னால் பூசிக்கொள்ளலாம் என்று டியூபைக் கணவரிடம் எடுத்து வரச் சொன்னேன். ஆராதனையில் ஜெபம் முடிந்து கண் திறந்து பார்த்தால், அது பீடத்தின்முன் எங்கள் காணிக்கைக் கூடையில், தேங்காய்களுக்கு நடுவே நிற்கிறது!

“மறந்திரக் கூடாதுண்ணாக்கும் கூடையில வச்சேன்” என்றார்.

படைத்ததைத் திருப்பி எடுக்கக் கூடாது. ஏலத்தில்தான் எடுக்கலாம். ஏலம் விடுகிறவள் கேட்கவும் கூடாது. “நீங்களாவது கேட்டுத் தொலைங்க” என்று அவரிடம் பல்லைக் கடித்தேன்.

முதல் சாமானே டியூப்தான். மதினி கேட்டாள்: “மக்கா, இதுல என்னெல்லாம் உண்டு?”

நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் கணவர் மலிவாக எடுத்திருப்பார். ஒரு வாரம் படித்த பாடமாயிற்றே! வாசனை கிடையாது, எரிச்சல் கிடையாது, சிங்க் ஆக்சைடு உண்டு, வாங்குகிற எதையும் பின்பக்கம் வாசிக்காமல் பூசாதீர்கள் என்று மைக்கில் பிரசங்கமே செய்துவிட்டேன். பெண்கள் போட்டி போட்டார்கள். விலை போன வருட ஏத்தன் குலை விலையைத் தாண்டியதும் என் வீட்டுக்காரர் கையை இறக்கிவிட்டார், பாவி மனுஷன். மதினி தட்டிக்கொண்டு போனாள்.

அரை மணி நேரத்தில் மைக் மட்டும்தான் என்னிடம் இருந்தது, முகம் வெந்துவிட்டது. மைக்கைத் தள்ளிப் பிடித்துக் கெஞ்சினேன்.

“மதினி, ஒரு பொட்டு தாங்க.”

“அய்யோ மக்கா, இப்பம் திறக்க மாட்டேன். நீ சொன்னதுபோல பின்பக்கம் எல்லாம் வாசிச்சேன். வெயில் படாம வைக்கணும்ணு போட்டிருக்கு.”

சொல்லிவிட்டுக் குடையை விரித்து, டியூபுக்குப் பிடித்துக்கொண்டு என் முன்னால் நின்றாள்.