சவரிமுத்தரை விசாரித்தவர்கள்

அடுத்தவன் பேச்சைப் பேசிப் பிழைக்கிற தொழில் அரசாங்கக் கச்சேரித் துபாஷித் தொழில். சனங்கள் தமிழில் அழுவதை வெள்ளைக்கார ஏஜெண்டுத் துரைக்கு இங்கிலீசில் அழ வேண்டும். துரை இங்கிலீசில் வைவதைத் தமிழில் வைய வேண்டும். ஊர்ச் சங்கதியெல்லாம் தெரிந்தவன் என்று ஒருவரும் வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். இதே வேலையில் கிடந்து மாய்ந்தவர்களே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

கண்டிக் கச்சேரியில் நான் இருந்த காலத்தில், துரைக்கு அடுத்த பதவிக் கதிரை சவரிமுத்தருடையது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். இங்கிலாந்து ராஜாவின் பிறந்தநாளுக்குக் கொடியேற்றும்போது மழை கொட்டினாலும் குடை பிடிக்க மாட்டார்.

வாழைக்குலை

கச்சேரிக்கு எதிரே சாகுல் காக்காவின் தேத்தண்ணிக் கடை. மத்தியானம் எனக்கு அங்கேதான் சாப்பாடு, பேச்சுத்துணையும் அவர்தான். கடை வாசலில் தகரக் கூரை இறக்க அனுமதி கேட்டு, சவரிமுத்தரின் அம்பிட்டிய வீட்டுக்கு ஒரு வாழைக்குலை அனுப்பிவைத்தார். குலை அப்படியே திரும்பி வந்தது. மறுநாள் அனுமதியும் வந்தது.

காக்கா அந்தக் குலையைக் கடையில் தொங்கவிட்டுவிட்டு என்னிடம் குனிந்து சொன்னார்: "மனிசன் கை சுத்தம் தம்பி. ஊடுதான் சுத்தமில்லைன்னு ஊர் பேசுது."

கடைசி வாங்கு

ஊர் பேசியது லூர்தம்மாவைப் பற்றி. ஹேவாஹெட்டத் தோட்டத்திலிருந்து வந்த விதவை. அம்பிட்டிய வீட்டில் சவரிமுத்தரோடு இருந்தாள். அவருடைய மனைவி யாழ்ப்பாணத்தில் உயிரோடு இருந்ததால், கலியாணம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவர் ஆண்கள் பக்கம் கடைசி வாங்கில் தனியே இருப்பார். அவள் பெண்கள் பக்கம் கடைசியில். அந்த வாங்குகளில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். எல்லோரும் நற்கருணை நன்மை வாங்க எழுந்து போகும்போது, அந்த உரிமை இல்லாத இருவரும் முழங்காலிலேயே இருப்பார்கள். எனக்கும் ஊரில் உறவென்று யாருமில்லை. ஒருநாள் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "தம்பி, முன்னுக்குப் போய் இரும். இதில இருந்தா உம்மையும் கதைப்பினம்."

தூது வந்தவர்கள்

துரை அவரை வேறொரு மாவட்டத்துக்கு உயர்ந்த பதவியில் அனுப்ப நினைத்தார். அது வெளியே கசிந்ததும், ஜவுளிக்கடை ஞானமுத்து தலைமையில் கோயில் பெரியவர்கள் சிலர் கச்சேரிக்கு வந்துவிட்டார்கள். ஒழுக்கமில்லாதவருக்கு உயர்வு கூடாதாம். துரை சவரிமுத்தரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர்கள் தமிழில் சொன்னதை, அவர் முகத்துக்கு நேரே, நான் இங்கிலீசில் சொன்னேன். பாவம் சவரிமுத்தர், ஒவ்வொரு வசையையும் இரண்டு தரம் கேட்டார்.

துரை, "உண்மையா?" என்றார். இங்கிலீசில் எங்களுக்கெல்லாம் வாத்தியாரான அந்த மனிதர், வந்தவர்களுக்கும் விளங்கட்டும் என்று தமிழில் பதில் சொன்னார்: "ஓம். அவ என்ர வீட்டிலதான் இருக்கிறா." அதையும் நான் மொழிபெயர்த்தேன். அவளை அனுப்பிவிட்டால் சிபாரிசு செய்வதாகத் துரை சொன்னார். "ஏலாது" என்றார் சவரிமுத்தர். பதவி போயிற்று.

விறாந்தையில் ஞானமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வந்த காரியம் ஜெயித்தும் முகத்தில் ஈயாடவில்லை. "இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாங்க கும்பிட்டுட்டு எந்திரிச்சு வந்திருப்போமே, தம்பி!"

ஹுன்னஸ்கிரியப் பாதையில்

பிறகு ஊரெங்கும் மலேரியாக் காய்ச்சல் பரவியது. ஹுன்னஸ்கிரியப் பக்கம் கொயினா மாத்திரை கொடுக்கும் பொறுப்பு சவரிமுத்தருக்கு. நான் கூடப் போனேன். பாதையோரம் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார் வரிசையாக நின்றார்கள். அப்போது கண்டியிலிருந்து வந்த லொறிக்காரர் இறங்கி ஓடிவந்தார். "ஐயா, வீட்டுல லூர்தம்மாவுக்குக் காய்ச்சல் கடுமையா இருக்கு. உங்க பேரச் சொல்லிக் கூப்பிடுறாங்க. வாங்க, ஏறுங்க."

"நான் பாத்துக்கிறேன், நீங்க போங்க ஐயா" என்றேன். அவர் கையில் மாத்திரையோடு அப்படியே நின்றார். "உத்தரவு என்ர பேரில, தம்பி. இந்தச் சனம் முடியட்டும்." லொறி போய்விட்டது. சனம் முடியவே இல்லை. பின்னேரம் வரைக்கும் வந்துகொண்டே இருந்தது. நாங்கள் அம்பிட்டிய போய்ச் சேர்ந்தபோது லூர்தம்மாவைக் கிடத்தித் துணி போர்த்தியிருந்தார்கள்.

அடக்கத்துக்கு ஹேவாஹெட்டவிலிருந்து அவளுடைய சொந்தக்காரர் சிலர் வந்தார்கள். சாகுல் காக்கா வந்து வாசலோடு நின்றார். எல்லோரும் போன பிறகு, வேலையை விட்டு அசையாமல் நின்றதற்காகத் துரை ஆள்விட்டுப் பாராட்டியதைச் சவரிமுத்தரிடம் சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் அவளுடைய வெற்றுக் கட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவவை வச்சிருந்ததுக்கு நான் ஒருநாளும் வெக்கப்படேல்ல, தம்பி. காய்ச்சலில அவவை விட்டிட்டு அங்க நிண்டதுக்குத்தான்..."

அவருடைய ஒழுக்கத்தை விசாரிக்க ஊரே திரண்டு வந்தது. அவரே தன்னை விசாரித்துத் தீர்ப்புச் சொன்ன அன்று கேட்க இருந்தவன் நான் ஒருவன்தான், அந்தத் தீர்ப்புக்கு எழுதிவைத்த படிகூடக் கிடையாது.