குளோரி அம்மையாரின் கற்றாழை நார்க் கதவுகள்

குளோரி அம்மையார் காலமானது 1997 ஜூலை 9, புதன்கிழமை காலை. வியாழன் என்று சிலர் சொல்லிவருகிறார்கள். அது அடக்கம் நடந்த நாள். அவருடைய தம்பி தொலைபேசியில் செய்தியைச் சொன்னபோது, "நேத்து சாயந்தரம் எங்கிட்ட பேசினாங்களேப்பா" என்றேன். அதையே மறுபடியும் சொன்னேன். வேறு வாக்கியம் எனக்கு அகப்படவில்லை. அவர் என்னைவிட மிகவும் இளையவர். முறைப்படி இத்தகைய குறிப்பை என்னைப் பற்றி அவரல்லவா எழுதியிருக்க வேண்டும்?

வேதியியல் படித்த அவர் பம்மலில் பட்டறை தொடங்கியது 1988 ஜனவரியில். ரயில்வே வரைபடப் பிரிவில் ஓய்வுபெற்றிருந்த நான், அளவுகளைச் சரிபார்க்கும் பணியில் அங்கே சேர்ந்தேன். குளியலறைக் கதவுகளுக்குப் பிறர் கண்ணாடி இழையைப் பயன்படுத்திவந்தபோது, அவர் கற்றாழை நாரைக் காரநீரில் ஊறவைத்து, அலசிக் காயவைத்து, ரெசினில் பதித்தார். கண்ணாடி இழை விற்க வந்த ஒருவர், "கயித்துல போய் கதவா மேடம்? ஆடு மேஞ்சுடப் போவுது" என்றார். "கண்ணாடித் தூசி எங்க ஆளுங்க நெஞ்சுக்குள்ள போறதுக்கு ஆடே மேஞ்சுட்டுப் போகட்டும்" என்று அம்மையார் அவரை அனுப்பிவைத்தார்.

1991 நவம்பரில், குரோம்பேட்டை அடுக்ககம் ஒன்றில் நாங்கள் கொடுத்த கதவுகளில் ஒன்று அடியில் ஊறி உப்பிவிட்டது. நேரில் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. நிலைக்குப் பொருந்தவில்லை என்று தச்சர்கள், மரக்கதவைப் போலவே இதையும் அடியில் அறுத்து மாட்டியிருந்தார்கள். ரெசின் பூச்சு போன ஓரத்தில் நார்முனைகள் வெளியே தெரிந்து, தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தன.

"நார் மேல தப்பில்ல சார். அறுத்த வாயை யாரும் மூடல" என்றார் அம்மையார். மற்ற வீடுகளுக்கும் போகவேண்டும் என்றார். அந்த அடுக்ககத்தின் கட்டுமானக்காரருடைய இரண்டாவது கட்டடத்துக்கும் எங்கள் கதவுகளையே போடுவதாகப் பேச்சு. அதை நம்பித்தான் பட்டறை நின்றது.

"வேற யாரும் கேக்கலியே மேடம். நீங்களா போய் ஏன் வாயைக் கொடுக்கிறீங்க?" என்றார் அந்தக் கட்டுமானக்காரர்.

"கேக்கறதுக்கு முன்னாடி போகணும் சார். கேட்டப்புறம் போனா அது சமாதானம் சொல்றதுதான்."

ரெசின் டப்பாவும் தூரிகையுமாக வீடு வீடாகச் சென்றோம். "கதவைக் கழட்டிட்டா நாங்க எப்படிக்கா குளிக்கிறது?" என்றார் ஓர் இல்லத்தரசி. "இன்னிக்கு ஒரு நாள் புடவையைக் கட்டித் தொங்க விடுங்கம்மா. சார் கண்ணை மூடிக்குவாரு" என்றார் அம்மையார். எனக்கு அந்தக் கேலி அன்று பிடிக்கவில்லை.

கதவுகள் தப்பின. இரண்டாவது கட்டடம் வேறொருவருக்குப் போயிற்று. 1992இல் பெரும்பாலும் பட்டறை பூட்டியே கிடந்தது. குரோம்பேட்டைக்குப் போனது தவறு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மீண்டும் திறந்தபின், கதவுகளை மாட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் மறுவாரமே நாங்கள் போனோம்.

ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை, சேலையூரில் அவ்வாறு பார்க்கவேண்டிய வீடு ஒன்று இருந்தது. தனியே சென்றேன். "எந்தக் குறையும் இல்லியே சார். மேடம் வரலியா?" என்று அந்த வீட்டம்மா கேட்டார். அழைக்காத வீட்டின் வாசலில் போய் நிற்கும் துணிவு ஒன்றைத்தான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே சென்று, கதவடியில் குனிந்து பார்த்தேன். அறுத்திருந்தார்கள்.