பாதை நடுவே இரண்டு கழுதைகள்

ஹேண்டில்பாரை இடப்பக்கம் ஒடித்துத் திருப்பிப் பாதையை விட்டு இறங்கினான் பர்முவாத். உடைமரத்தின் தாழ்ந்த கிளை தோளைக் கீறியது. நிற்கவில்லை. புதருக்குள் புகுந்து, சைக்கிளைச் சாய்த்துவிட்டு, மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டான்.

பின்னால் சைக்கிளில் வந்த ஆறு டச்சுப் பயணிகளும் அப்படியே செய்தார்கள்.

ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. பயணத்தின் முதல் காலையில் அவன் சொல்லிவைத்திருந்தான். "நான் பாதையை விட்டு இறங்கினா நீங்களும் இறங்கணும். ஏன்னு கேக்கக்கூடாது. சத்தம் கூடாது. நான் எழுந்தாத்தான் எழுந்திரிக்கணும்." இரண்டாம் நாள் ஒற்றைக் காட்டெருமை ஒன்று குறுக்கே வந்தபோது இது கச்சிதமாக வேலை செய்தது. எருமை அவர்களைப் பார்க்காமலே போயிற்று. அன்றிரவு சாப்பிடும்போது ஆறு பேரும் அதைப் பற்றியே பேசினார்கள். இன்று நான்காம் நாள். பழகிவிட்டது.

பக்கத்தில் படுத்திருந்த ஹன்னெக்கே மெதுவாகத் தலையைத் திருப்பினாள். கூட்டத்திலேயே மூத்தவள், அறுபத்தெட்டு வயது. கன்னத்தில் மண் ஒட்டியிருந்தது.

"சிங்கமா?"

இல்லை என்று தலையாட்டினான்.

"சிறுத்தையா?"

"இல்ல."

"அதைவிடப் பெரிசா?"

பர்முவாத் கொஞ்சம் யோசித்தான். "ஆமா" என்றான்.

வளைவுக்கு அப்பால் வந்துகொண்டிருந்தது அவனுடைய மாமியார்.

ஊதாச் சால்வையைப் பார்த்ததுமே உடம்பு முடிவெடுத்துவிட்டது. மூளை பிறகுதான் வந்து சேர்ந்தது. அவன் ஊர் வழக்கப்படி மருமகனும் மாமியாரும் ஒரே பாதையில் முகத்துக்கு முகம் வரக்கூடாது. வந்தால் ஒருவர் விலக வேண்டும். சின்ன வயதிலிருந்து அவன் அப்பா விலகுவதைப் பார்த்தவன். கல்யாணமாகி ஒன்பது வருஷமாகத் தானும் விலகுகிறான். கடையில், சந்தையில், சாவு வீட்டில். ஆனால் அப்போதெல்லாம் பின்னால் ஆறு சைக்கிள் வந்ததில்லை.

மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தான். பாதையில் யாருமில்லை. முதுகில் தண்ணீர்க் கேன்களோடு இரண்டு கழுதைகள் மட்டும் நடுவே நின்றன. ஒன்று காதை ஆட்டியது.

அவளும் அவனைப் பார்த்துவிட்டாள். அவளும் எதிர்ப்பக்கப் புதருக்குள் போய்விட்டாள். அவன் கடந்து போகட்டும் என்று அவளும், அவள் கடந்து போகட்டும் என்று அவனும்.

நேரம் போயிற்று. டச்சுக்காரர்கள் மூச்சை அடக்கிக் கழுதைகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

அப்போதுதான் அந்தச் சத்தம். முதலில் ஒரு பக்கம் 'ஸ்ஸ்' என்றது. பிறகு இன்னொரு பக்கம். பிறகு சுற்றிலும்.

"பாம்பு!" என்று யோஸ்ட் துள்ளி எழுந்தான். கூட்டத்தில் அவன்தான் நெட்டை. எழுந்ததும் தலை கிளையில் மாட்டிக்கொண்டது.

பாம்பு இல்லை. டயர்கள். விரல் நீள வெள்ளை முட்கள் ஒவ்வொரு சக்கரத்திலும் தைத்து நின்றன. ஏழு சைக்கிள்களும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

பர்முவாத் படுத்தபடியே ஒரு முள்ளைப் பிடுங்கிப் பார்த்தான். அவன் முன்னால் ஓட்டி வழிகாட்டும் முதல் பயணம் இது. அதற்கு முன் ஆறு வருஷம் லாரியில் இருந்தான். சட்டி கழுவுவது, கூடாரம் அடிப்பது, பஞ்சர் ஒட்டுவது. அதற்கும் முன் ங்குருமான் மலைத் தோப்புகளிலிருந்து பிரேக் இல்லாத சைக்கிளில் மாம்பழக் கூடைகளைச் சரிவில் இறக்கிக்கொண்டிருந்தான். ஆங்கிலம் கற்றது பயணிகளின் புகார்களிலிருந்து. அதனால் 'சூப் ஆறிவிட்டது' என்பதை அவன் மிகச் சுத்தமாகச் சொல்வான். நிறுவனம் நடத்தும் வங்கெச்சி, முன்னால் போகிறேன் என்று அவன் கேட்டபோது சிரிக்கவில்லை. "ஒரு பயணம் தர்றேன். ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போக லாரி ஒரு தடவை திரும்பி வந்தாக்கூட, நீ மறுபடி சட்டிக்கிட்ட போயிடணும்" என்றாள். லாரி முகாமில் நின்றது. ஓட்டி வந்து சமைத்துக்கொண்டிருப்பவன் முட்டிஸ்யா. முகாமுக்கு இன்னும் பாதித் தூரம் இருந்தது.

"ஏ கழுதை" என்றது எதிர்ப்புதர்.

ஆறு பேரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"அந்தப் பக்கம் யாரோ படுத்திருக்காங்க போலிருக்கு. எழுந்து போகச் சொல்லு. வெயில்ல எனக்கு மண்டை பொரியுது."

நேராகப் பேசிக்கொள்ளவும் கூடாது. பர்முவாத் கழுதையைப் பார்த்தான். "கழுதை, அம்மாகிட்டச் சொல்லு. அவங்க முதல்ல போகட்டும். மரியாதை அவங்களுக்குத்தான்."

"மரியாதையா? ஏ கழுதை, ஆடு குடுத்தவருக்குச் சொல்லு. ஆறு வெள்ளைக்காரங்களை முள்ளுல படுக்கவச்சிருக்காரே, அதுக்குப் பேரு மரியாதையா? என் பொண்ணு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறா, எம் புருஷன் இப்ப முன்னால போறார்னு. நல்லாத்தான் போறார்."

ஆடு கொடுத்தவர் என்றால் பர்முவாத். கல்யாணத்தில் அவளுக்கு ஒரு பெண்ணாடு கொடுத்தான். அன்றிலிருந்து அவள் வாயில் அதுதான் பெயர். அவனும் அவள் பெயரைச் சொல்லமாட்டான். அதனால் இங்கேயும் அது வராது.

"யார் பேசறது?" என்றான் யோஸ்ட்.

இனி மறைத்துப் பயனில்லை. "என் மாமியார்."

டயர்கள் மட்டும் பேசின. பர்முவாத் எழுந்து உட்கார்ந்து, முட்டியைப் பார்த்தபடியே விஷயத்தைச் சொன்னான். சொல்லச் சொல்ல ஹன்னெக்கேயின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. பிறகு அவள் மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.

"எங்க மாப்பிள்ளைக்கு இதை யாராவது சொல்லிக் குடுங்களேன். ஞாயித்துக்கிழமை ஆனா தவறாம வந்து என் நாற்காலியில உக்காந்துக்கறான்."

"என்ன சிரிப்பு?" என்று எதிர்ப்புதர் கழுதையைக் கேட்டது. பர்முவாத் கழுதையிடம் மொழிபெயர்த்தான். எதிர்ப்புதரும் சிரித்தது.

சிரித்து முடிந்ததும் சக்கரங்கள் அப்படியேதான் இருந்தன. அவனிடம் இரண்டு மாற்று ட்யூப், ஒரு கவர் ஒட்டுத்துண்டு, பாதி சொல்யூஷன். ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தண்ணீர் வேண்டும். குப்பிகளில் இருந்தது குடிக்கவே பற்றாது.

அவன் கேட்கவில்லை. அவள் நடந்து போய் மொண்டு வந்த தண்ணீர் அது. ஊர்க் குழாய் கெட்டுப்போய் வெகுநாளாகிறது. மருமகன் மாமியாரிடம் எதையும் கேட்கவும் முடியாது. ஆனால் காற்று போகிற சத்தம் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"ஏ கழுதை, மஞ்சக் கேனை அவங்க எடுத்துக்கட்டும். கேனு மட்டும் திரும்பி வரணும். அது எண்ணெய்க் கேனு, நல்ல கேனு."

அவள் அங்கே இருக்கும்போது அவன் பாதைக்கு வர முடியாது. ஹன்னெக்கே போனாள். கழுதையின் பக்கத்தில் இரண்டு பெண்களும் நேருக்கு நேர் நின்றார்கள். மாமியார் ஹன்னெக்கேயை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அவளுடைய சைக்கிள் கால்சட்டையின் பின்பக்கத்தை விரலால் அமுக்கினாள்.

"கழுதை, இது என்ன? இவ பின்னால மெத்தை கட்டியிருக்காளா?"

முதுகைக் காட்டியபடி பர்முவாத் மொழிபெயர்த்தான்.

"நாலு நாள் அந்த சீட்ல உக்காந்து பாக்கச் சொல்லு, அப்புறம் பேசட்டும்" என்றாள் ஹன்னெக்கே.

கேன் கைமாறியது. கழுதைகள் நகர்ந்தன. அவன் இன்னும் தலையைக் குனிந்தே இருந்தான். குரல் தூரத்திலிருந்து வந்தது.

"கழுதை, ஆடு குடுத்தவர் பயப்படவேண்டாம்னு சொல்லு. என் பொண்ணுகிட்ட இதை நான் சொல்லமாட்டேன். மத்தவங்ககிட்ட மட்டும்தான் சொல்லுவேன்."

பிறகு வேலை. ஒருவர் முள் பிடுங்க, ஒருவர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்க்க, ஒருவர் பம்பு அடிக்க. யோஸ்ட்டுக்கு டயர் கழற்றத் தெரியவில்லை, நிழலுக்காக நிறுத்திவைத்தார்கள். ஒட்டுத்துண்டு தீர்ந்தபோது மூன்று சக்கரங்கள் மீதியிருந்தன. நல்ல சக்கரங்களை மற்றவர்களுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, பர்முவாத் தன் இரண்டு சக்கரத்திலும் யோஸ்ட்டின் பின்சக்கரத்திலும் காய்ந்த புல்லைத் திணித்தான். டச்சுக்காரர்கள் புல் பிடுங்கி வந்தார்கள். வரிக்குதிரைகள் கொஞ்ச தூரத்தில் நின்று இதைப் பார்த்தன.

காலியான மஞ்சள் கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அவன் சைக்கிள் நொண்டி ஆடு மாதிரிப் போனது. போன் அடித்தது.

"எங்க இருக்கே தம்பி?" என்றான் முட்டிஸ்யா. "சூப் வத்திப்போச்சு. லாரியைத் திருப்பவா?"

"வேண்டாம். கொஞ்சம் பஞ்சர்."

"எத்தனை?"

"எல்லாம்."

"எருமையா?"

"மாமியார்."

மறுமுனையில் கரண்டி கீழே விழும் சத்தம் கேட்டது. அவன் சிரித்து ஓய்வதற்குள் பர்முவாத் போனை அணைத்துவிட்டான்.

வெயில் சாய்ந்த பிறகு மணல் பாதை வந்தது. ஹன்னெக்கேயின் பின்சக்கரத்தில் மறுபடி காற்று போயிற்று. அவள் இறங்கி, சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கால்களை நீட்டிக்கொண்டாள். மற்ற ஐந்து பேரும் வேறெங்கோ பார்த்தார்கள்.

பர்முவாத் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தான். முகத்தைப் பார்த்தான். உதடு வெடித்திருந்தது. பையிலிருந்து போனை எடுத்தான்.

"யாருக்குப் பண்றே?"

"லாரிக்கு."

"அது வந்தா உன்னைச் சட்டி கழுவ அனுப்பிடுவாங்களாமே. முட்டிஸ்யா சொன்னான்."

"பரவாயில்ல. அந்தச் சட்டியெல்லாம் எனக்குத் தெரிஞ்ச சட்டிதான்."

அவள் அவனையே பார்த்தாள். இன்னொரு வாய் குடித்தாள். "முகாம் எங்கே?"

அவன் கைகாட்டினான். ஒற்றைப் புகை நேராக எழுந்து நின்றது.

"லாரி திரும்பக்கூடாதுன்னுதானே சொன்னா உங்க மொதலாளி? நடக்கக்கூடாதுன்னு சொன்னாளா?"

"இல்ல."

"அப்ப போனை உள்ள வை. கை குடு. உன் மாமியார் தண்ணிக்குப் போற தூரத்துல இது பாதி இருக்குமா?"

"பாதிகூட இல்ல."

"அவளுக்கு மெத்தைகூட கிடையாது" என்றபடி எழுந்தாள்.

அவள் சைக்கிளைப் பர்முவாத் தோளில் போட்டுக்கொண்டு, தன்னுடையதை ஒரு கையால் தள்ளினான். ஏழு பேரும் நடந்தார்கள். யோஸ்ட் கழுதை மாதிரிக் கத்திக் காட்டினான். நன்றாக இல்லை, ஆனாலும் எல்லோரும் கத்தினார்கள். அந்தச் சத்தத்தோடுதான் முகாமுக்குள் போனார்கள். முட்டிஸ்யா அடுப்படியிலிருந்து தலையில் துணியை இழுத்துப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு, லாரிக்குப் பின்னால் ஓடி ஒளிந்தான்.

"மாப்பிள்ளை வர்றார், வழி விடுங்க!" என்றான் அங்கிருந்து.

உகாலிக் களியும் கீரையும் ஆறியிருந்தன. சூப்பும். யாரும் புகார் சொல்லவில்லை.

மறுநாள் காலை லாரியிலிருந்து புது ட்யூப்கள் எடுத்து எல்லாச் சக்கரங்களுக்கும் போட்டார்கள். ஏரிவரை பாதை தட்டையாக இருந்தது. வழியில் ஒட்டகச்சிவிங்கிகள் நின்றன. யாரும் பாதையை விட்டு இறங்கவில்லை. மதியத்துக்குள் மகாடி போய்ச் சேர்ந்தார்கள். ஏரியில் பூநாரைகள் இருந்தன. வங்கெச்சி கரையில் காத்திருந்தாள். லாரி திரும்பியதா என்று முட்டிஸ்யாவைக் கேட்டாள். இல்லை என்றான். பர்முவாத்தின் தோளில் இருந்த கீறலைப் பார்த்தாள். அடுத்த மாதப் பயணத்துக்கும் அவனையே முன்னால் போகச் சொன்னாள். லாரியில் இருக்கும் பஞ்சர் பெட்டியை இனி அவனே சுமக்க வேண்டும் என்றாள். டச்சுக்காரர்கள் வண்டியேறி நைரோபிக்குப் போனார்கள். மாலையில் முட்டிஸ்யா மஞ்சள் கேனில் தண்ணீர் பிடித்து, கூடவே இன்னும் நான்கு கேன்களிலும் பிடித்து, லாரியில் ஏற்றினான். மாமியார் வீட்டு முள்வேலிக்கு வெளியே லாரி நின்றது. பர்முவாத் உள்ளேயே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். முட்டிஸ்யா கேன்களை இறக்கி வைத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தான்.