தராசு தூக்கிய கோழிகள்

பார்சல் ஆபீசில் அவருக்குத் தராசு என்று பெயர். பெட்டியைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்குவார், எடையைச் சொல்வார், இறக்கி வைத்துவிடுவார். மிஷினும் அதையேதான் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாத ஒரு நாளில் மிஷினைத்தான் ரிப்பேருக்கு அனுப்பினார்கள் என்று ஆபீசில் ஒரு கதை உண்டு. கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான், ஆனால் அடியோடு பொய்யில்லை. ஓய்வு பெற்ற பிறகும் கடையில் பையைக் கையில் வாங்கியதுமே "குறையுதே" என்பார். கடைக்காரர்கள் அவர் தலையைக் கண்டாலே பெருமூச்சு விட்டார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதர் எடை விஷயத்தில் பொய் சொன்னது ஒரே ஓர் ஆளிடம்தான். அது அவர் மனைவி.

அவள் படுத்த படுக்கையான பிறகு, கட்டிலிலிருந்து குளியலறைக்கு அவர்தான் தூக்கிப் போவார். கழுத்தைக் கட்டிக்கொண்டு காதோரமாகக் கேட்பாள், "என்ன, ஏறியிருக்கேனா?"

"ஏறியிருக்கே. என் இடுப்பு பிடிச்சிக்கப் போகுது பாரு."

அவள் சிரிப்பாள். நேற்றைக்கு இன்று எவ்வளவு குறைந்திருக்கிறாள் என்பது அவர் கைகளுக்குத் தெரியும். வேண்டாம் என்றாலும் தெரியும். கடைசி நாட்களில், அவள் கேட்பதற்கு முன்பே பதிலைச் சொல்லிவிட்டு வேகமாக நடப்பார்.

அவள் போன பிறகு மிஞ்சியது அவரும், பின்கட்டில் அவள் வளர்த்த ஐந்து கோழிகளும். உடம்பு நன்றாக இருந்த காலத்தில், தினமும் தீனி போடுவதற்கு முன் ஒவ்வொன்றாகப் பிடித்து, நெஞ்சுக்கு அடியில் கையை விட்டு, ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு இறக்கி விடுவாள். "அங்கே என்னத்தைத் தேடறே?" என்று ஒருமுறை கேட்டார். "உங்களுக்கு எதுக்கு அது?" என்றாள். அவரும் அத்தோடு விட்டுவிட்டார்.

காரியமெல்லாம் முடிந்து வீடு அடங்கியதும் அவரும் அப்படியே செய்துபார்த்தார். புள்ளி என்று அவள் கூப்பிடும் கோழியின் நெஞ்சுக்கு அடியில் கையை விட்டார். எலும்பு தட்டுப்பட்டது. சோப்புப் போடும்போது அவள் நெஞ்சில் அவர் உள்ளங்கைக்குத் தட்டுப்பட்ட அதே எலும்பு. கோழியைப் பொத்தென்று கீழே போட்டுவிட்டார்.

அன்றைக்குப் பிடித்தது தீனிப் பைத்தியம். சோளம், நிலக்கடலை, வெண்ணெய் தடவிய ரொட்டி. தனக்கு இல்லாவிட்டாலும் கோழிக்கு உண்டு. காலையில் தூக்கினால் ஒவ்வொன்றும் கனத்தது, மறுநாள் இன்னும் கனத்தது. அந்த வீட்டில் ஏதோ ஒன்று கனம் கூடுகிறது என்பதே அவர் வயிற்றில் பாலை வார்த்தது. குனிந்து தூக்கும்போதெல்லாம் காதோரம் மூச்சுப் படும். ஏறியிருக்கேனா? "ஏறியிருக்கே" என்பார். இப்போது அது பொய்யில்லை.

முட்டை குறைந்தது, பிறகு நின்றேவிட்டது. வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம் ஒரு கோழி தண்ணீர்த் தட்டின் அருகே சாய்ந்து கிடந்தது. சில நாள் கழித்து இன்னொன்று. இரண்டும் இறகு பளபளக்கச் செத்துக் கிடந்தன. பயந்துபோய் மனைவியின் தங்கையை வரச் சொன்னார். அவளும் கோழி வளர்ப்பவள்.

அவள் வந்ததும் புள்ளியை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள். "என்ன மாமா போட்டீங்க இதுக்கு?"

"நல்லாத்தான் போட்டேன். என்ன கனம் கனக்குது, தூக்கிப் பாரு."

"கனம்தான் சீக்கே." அவர் கையைப் பிடித்துக் கோழியின் நெஞ்சுக்கு அடியில் வைத்தாள். "எலும்பு எங்கே, சொல்லுங்க."

தேடினார். அகப்படவில்லை.

"கை வெச்சா எலும்பு தட்டுப்படணும், ரெண்டு பக்கமும் சதை இருக்கணும். கத்தி மாதிரி குத்தினா இளைச்சுப்போச்சுன்னு அர்த்தம். தட்டுப்படவே இல்லைன்னா கொழுப்பு. வாலுக்குக் கீழே தொடுங்க, எப்படிக் கொழகொழன்னு இருக்கு. அந்த ரெண்டும் இதுலதான் போயிருக்கும். அக்கா தினமும் இந்த எலும்பைத்தானே பார்ப்பா?"

"எலும்பு தெரிஞ்சா..." என்று ஆரம்பித்தவர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"தெரிஞ்சாத்தான் மாமா இது பிழைக்கும். சோளத்தை நிறுத்துங்க. தீவனம் மட்டும், அதுவும் அளவா. வெறும் வயித்துல தூக்கிப் பாருங்க. மெல்ல மெல்லக் குறையணும்."

தினமும் தூக்க வேண்டும், தினமும் குறைய வேண்டும். "நீயே கொண்டுபோயிடேன்" என்றார்.

"புள்ளியையுமா? அக்கா கட்டிலுக்கு அடியிலேயே கெடந்தது அது."

சோள டின்னை மட்டும் அவளிடம் கொடுத்தனுப்பினார்.

முதலில் சில காலைகள் கண்ணை மூடிக்கொண்டு தூக்கினார். கண்ணை மூடினால் கை மூடிக்கொள்ளுமா? புள்ளி குறைந்திருந்தது. காதோரம் கேள்வி வந்தது. பழக்க தோஷத்தில் "ஏறியிருக்கே" என்றார். சொல்லிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய் ரொட்டியை எடுத்தார். திரும்பினால் வாசற்படியில் புள்ளி, வாயைப் பிளந்து, உடம்பு கனத்தில் இரைத்துக்கொண்டு நின்றது. அந்த ரொட்டியை நின்றபடியே அவரே தின்று தீர்த்தார்.

பிறகு ஒரு காலையில், நெஞ்சுக்கு அடியில் விட்ட விரலுக்கு எலும்பு தட்டுப்பட்டது. மழுங்கலாக, இரு பக்கமும் சதையோடு. இந்த முறை கீழே போடவில்லை. எலும்பின் மேல் கையை வைத்தபடியே நின்றார். மனைவியும் இப்படித்தான் நிற்பாள். தினமும் ஐந்து கோழிகளின் நெஞ்செலும்பைத் தொட்டுப் பார்த்தவள், படுக்கையில் கிடந்தபோது தன் நெஞ்சில் கை வைத்துப் பார்க்காமலா இருந்திருப்பாள்? எல்லாம் தெரிந்துதான் கேட்டிருக்கிறாள். அவர் சொல்லும் பொய்யைக் கேட்டுச் சிரித்துமிருக்கிறாள்.

காதோரம் மூச்சுப் பட்டது. ஏறியிருக்கேனா?

"இல்லே" என்றார். "இறங்கியிருக்கே. தினமும் இறங்கிக்கிட்டேதான் இருந்தே."

புள்ளியை இறக்கிவிட்டு, அளந்து வைத்த தீவனத்தைத் தட்டில் கொட்டினார்.