பவுடர் போட்ட வரிசை

சுனாமிக்குப் பிறகு, பள்ளி முடிக்கும்வரை, நான் முகம் தெரியாத ஒரு வெளிநாட்டுக்காரரின் ஸ்பான்சர் பிள்ளை. இராஜாக்கமங்கலம் பக்கத்தில் எங்கள் கடற்கரையில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் படித்தோம். பணம் கட்டுகிறவர்களுக்கு அனுப்ப, வருடத்துக்கு ஒருமுறை எங்களைப் போட்டோ எடுக்க ஆள் வரும். அன்றைக்கு ஊரே கல்யாண வீடு. அம்மா என் முகத்தில் அப்பிய பவுடரில் பாதியை நான் தும்மியே கொட்டிவிடுவேன்.

"கொஞ்சமாச் சிரி மக்கா, உனக்குக் கஷ்டம் இருக்குல்லா?" என்று கெஞ்சுவார் போட்டோ எடுக்கிற சார்.

கஷ்டம் இருந்தது. வீடும் அப்பாவின் வள்ளமும் கடலோடு போயிருந்தன. அதற்காக, புதுக் கவுன் போட்டுக்கொண்டு சிரிக்காமல் இருக்க முடியுமா என்ன?

அந்தப் படிப்பில்தான் குழந்தைகள் பாதுகாப்பு வேலைக்கு வந்தேன். முதல் வாரம் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்ற மனசே வரவில்லை. சாப்பிடும்போதுகூடக் கழற்றாமல் அது ரசத்தில் நனைந்தது. அப்போதுதான் ஒரு தகவல் வந்தது. மணவாளக்குறிச்சி தாண்டி ஒரு கடற்கரை ஊரில், பதின்மூன்று வயதுப் பெண்ணை மறுநாள் காலையில் கொச்சியில் ஒரு வீட்டில் வேலைக்கு அனுப்பப் போகிறார்கள். ஆபீஸ் ஜீப்பில் நான் தனியாகப் போய் இறங்கினேன். பயத்தைவிடக் குஷிதான் அதிகம்.

அந்தப் பெண்ணின் அம்மா கதவை அரையளவுக்குத்தான் திறந்தாள். "அவ இஞ்ச இல்ல மேடம். வெள்ளிச்சந்தைல மாமி வீட்டுக்குப் போயாச்சு." கதவு சாத்தியாயிற்று.

என் குஷியெல்லாம் இறங்கிப்போனது. ஆபீஸில் எங்கள் பெரிய மேடத்தைக் கூப்பிடலாமென்று, ஊர் நடுவே சிலுவை வைத்த குருசடி முன்னால் நின்று, சிக்னலுக்காகப் போனை உயரத் தூக்கிப் பிடித்தேன். ஜீப், கையில் ஃபைல், கழுத்தில் அட்டை, தூக்கிய போன். போதாதா?

"ஏட்டி, ஸ்பான்சர்காரங்க வந்தாச்சு!" என்று யாரோ ஒருத்தி கத்தினாள்.

அவ்வளவுதான். சந்துசந்தாகப் பிள்ளைகள் கொட்டினார்கள். ஈரத்தலை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குத் தைத்த வெள்ளைக் கவுன், முகமெல்லாம் பவுடர். யாரும் சொல்லாமலே குருசடிப் படியில் உயர வரிசையில் நின்றுவிட்டார்கள். "நான் போட்டோ எடுக்க வரல்ல!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "அவங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க, நீ நேரா நில்லுல" என்று ஒருத்தி தன் மகனைத் திருத்தினாள். சிரிப்பை அடக்க முடியாமல் நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியாக ஒருத்தி மகளை இழுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள். பார்த்தால், கதவைச் சாத்திய அதே அம்மா! மகளின் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். என்னைப் பார்த்ததும் அம்மாவின் கால் நின்றுவிட்டது.

"வெள்ளிச்சந்தை பஸ் இவ்வளவு சீக்கிரமா வருமா அக்கா?" என்றேன். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு உண்மையைச் சொன்னேன். இவளுக்காகத்தான் வந்தேன், இவளை வேலைக்கு அனுப்பச் சட்டம் விடாது, படிக்க உதவி கிடைக்கும், நானே அப்படிப் படித்தவள்தான் என்றேன். அம்மாவின் முகம் கறுத்தது.

"நீங்க சொல்லிட்டுப் போயிருவீங்க. நாளைக்கு இவளைக் கொச்சிக்குக் கூட்டிட்டுப் போற ஆளு வந்து நிப்பான். நான் என்ன சொல்லதுக்கு? இவளுந்தான் போறேன்னு இருக்கா."

பெண் இன்னும் போட்டோவுக்கு நிற்கிற மாதிரியே கையைக் கட்டி நின்றிருந்தாள்.

"இல்ல," என்றாள். "எனக்குப் போவாண்டாம்."

அம்மா திரும்பினாள். "பின்ன ஏட்டி எனக்கிட்ட இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"நீ கேக்கவே இல்லியேம்மா."

அம்மா அவளை இழுத்து இறுக அணைத்துக்கொண்டாள். அம்மாவின் கறுப்புச் சேலையெல்லாம் மகளின் பவுடர். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

"நாளைக்கு நீங்களும் வந்து நில்லுங்க மேடம்," என்றாள் அம்மா. "அவன்கிட்ட நானே சொல்லுதேன்."